பூசணித் தோட்டத்தில் ஒரு விசுவாசி

அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் அமெரிக்கச் சிறுவர் வேடந்தரித்து வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்கும் ஹாலோவீன் வழக்கத்தைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கைக்கொள்ளலாமா என்னும் வினா அந்நாட்டுச் சபைகளில் நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. பேய்க்கோலம் விசுவாசிகளின் பிள்ளைகளுக்குத் தகாது என்போர் உளர். சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்திய இரவே அது எனக் கூறி அதனை ஏற்போரும் உளர். இவ்வழக்கினைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. இரு சாராரின் இல்லங்களிலும் அப்பருவத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து காணும் ஒரு சிறு படத்தையே இங்கு ஆராய விழைகிறோம். வேடங்களைப் பற்றி இத்துணை வாதிடுவோர் அப்படத்தைப் பற்றி வாளாவிருப்பது வியப்பே.

சார்லஸ் ஷுல்ஸின் ‘பீனட்ஸ்’ சித்திரத் தொடரிலிருந்து பிறந்த ‘இதோ பெரும் பூசணி, சார்லி பிரவுன்’ என்னும் அப்படம் 1966 அக்டோபர் 27 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் முதன்முறை ஒளிபரப்பப்பட்டது. பில் மெலண்டெஸ் இயக்கினார்; வின்ஸ் குவரால்டி இசையமைத்தார். அரைமணி நேரத்திற்கும் குறைவான படம். பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் தவறாது காட்டப்பட்டு, 2020இல் ஆப்பிள் நிறுவனத்தின் இணையச் சேவைக்கு உரியதாயிற்று.

கதை எளியது. சிறுவன் லைனஸ், ஹாலோவீன் இரவில் பெரும் பூசணி என்றொரு வள்ளல் தோட்டத்தினின்று எழுந்து, வானில் பறந்து, பிள்ளைகளுக்கெல்லாம் விளையாட்டுப் பொருள்கள் வழங்குவார் என நம்புகிறான். கிறிஸ்துமஸ் தாத்தாவின் சாயல் வெளிப்படை. அவன் மீது அன்பு கொண்ட சாலி என்னும் சிறுமி, இனிப்புக் கேட்டுச் செல்வதையும் துறந்து அவனோடு தோட்டத்தில் காத்திருக்கிறாள். வருவதோ ஸ்நூப்பி என்னும் நாய். சாலி சீறியெழுந்து நட்டஈடு கோருகிறாள்.

லைனஸ் விசுவாசத்திற்கு முன்மாதிரி எனச் சிலர் பிரசங்கித்துள்ளனர். விசுவாசத்தையே இப்படம் எள்ளுகிறது எனச் சிலர் வருந்தியுள்ளனர். 1965இலேயே ராபர்ட் ஷார்ட் ‘பீனட்ஸ் வழங்கும் நற்செய்தி’ என்னும் பொருள்பட ஒரு நூலெழுதி, இச்சித்திரங்களை உவமைகளாக வாசிக்கக் கற்பித்தார். தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்காவும் 1983இல் வெளிவந்த தம் கட்டுரையில், சான்றின்றிக் கடவுளை நம்புவது முறையாயின் பெரும் பூசணியை நம்புவதும் முறையாகாதோ என்னும் மறுப்பை எடுத்துக்கொண்டு விடையிறுத்தார். அவர் தந்த விடையின் நுட்பம் இங்கு நமக்கு வேண்டுவதில்லை. லைனஸ் கேலிப்பொருளாக மட்டுமே நின்றுவிடவில்லை என்பதற்கு அது சான்று.

நாம் நோக்கவேண்டியது லைனஸின் விசுவாசத்தின் அளவையன்று, அதன் இயல்பையே. பெரும் பூசணி எத்தோட்டத்தில் எழுவார்? மிகுந்த மெய்மையுள்ள தோட்டத்தில். தன் தோட்டத்தில் மாய்மாலத்தின் சுவடேதும் இல்லை என லைனஸ் பெருமை பேசுகிறான். பின்னர், ‘அவர் வரும்பொழுது’ என்பதற்குப் பதிலாக ‘அவர் வந்தால்’ என வாய்தவறிச் சொல்லிவிட்டு, இனித் தனக்குக் கதியில்லை என அலறுகிறான். ஓர் அசைநிலை பிறழ்ந்தால் அருள் விலகிப்போகும்! இது கிருபையின் மார்க்கமன்று. உள்ளத்தின் உண்மையையே ஒரு கிரியையாக்கி, அதனால் பரிசு பெற முயலும் சமயம் இது. 1517ஆம் ஆண்டின் இதே அக்டோபர் 31இல் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லுத்தர் பாவமன்னிப்புச் சீட்டுகளை எதிர்த்து வாதம் தொடங்கியதை நினைவுகூரும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ‘நீ உண்மையாய் ஜெபிக்கவில்லை, ஆதலால் கிடைக்கவில்லை’ என்று நோயுற்றோரிடமும் கூறும் ஊழியர் லைனஸின் தோட்டத்தில்தான் அமர்ந்திருக்கின்றனர்.

சார்லி பிரவுனின் நிலை இதனினும் கடியது. அவனுக்கு மெய்மைக் குறைவில்லை. கத்தரிக்கோலைச் சரியாகக் கையாளத் தெரியாமையால் அவனது பேயுடையில் துளைகள் மிகுந்தன, அவ்வளவே. ஒவ்வொரு வாசலிலும் மற்றவர்க்கு இனிப்பு விழ, அவன் பையில் மட்டும் கல் விழுகிறது. அப்பங்கேட்ட மகனுக்குக் கல்லைக் கொடுக்கும் தகப்பன் உண்டோ என்ற ஆண்டவரின் கேள்வி நம் செவியில் ஒலிக்கவே செய்யும். கல்லிட்டவர்கள் யார் என்பதைப் படம் காட்டுவதில்லை. ஷுல்ஸின் உலகில் பெரியவர்களுக்கு முகமில்லை. ஒளிபரப்பைக் கண்ட பிள்ளைகள் சார்லி பிரவுனுக்கென்று மிட்டாய் அனுப்பிவைத்தனர். திறனாய்வாளர் பலரினும் அவர்கள் படத்தைச் சரியாகவே கண்டனர் என்பேன்.

நம் குறை ஒன்றுண்டு. 1965 டிசம்பரில் வெளிவந்த ‘சார்லி பிரவுனின் கிறிஸ்துமஸ்’ படத்தில் மேடையேறி, லூக்கா எழுதின சுவிசேஷத்தின் பிறப்புச் செய்தியை மனப்பாடமாய் ஓதியவன் இதே லைனஸ்தான். ஓராண்டு நிறைவதற்குள் அவனே பூசணிக்குக் காத்திருந்து ஏமாறுகிறான். இரண்டு படங்களையும் காணும் ஐந்து வயதுப் பிள்ளை, மேய்ப்பர்களைப் பற்றி லைனஸ் சொன்னதையும் பூசணியைப் பற்றி அவன் சொன்னதையும் ஒரே தட்டில் வைக்காதா? இயேசு, கிறிஸ்துமஸ் தாத்தா, பெரும் பூசணி என மூன்று பெயர்கள். மூவரையும் கண்ணால் கண்டதில்லை. தாத்தாவை நம்புவோனுக்கும் பூசணியை நம்புவோனுக்கும் இடையே இருப்பது சபைப்பிரிவு வேற்றுமையே எனச் சார்லி பிரவுன் உரைக்கும்போது பெற்றோர் நகைக்கின்றனர், பிள்ளை நகைப்பதில்லை. அது கேட்கும் அடுத்த கேள்விக்கு விடை கூறப் படத்தில் தாயுமில்லை, தகப்பனுமில்லை. டிசம்பரில் தாத்தாவைப் பற்றிப் பொய்யுரைத்த வாய் அக்டோபரில் பூசணியை மறுப்பது எங்ஙனம்? ஓய்வுநாள் பாடசாலையில் போதித்தவரான ஷுல்ஸ் இக்கேள்வியை அறியாதவரல்லர். அறிந்தே விட்டுவிட்டார் எனத் தோன்றுகிறது.

முதல் உலகப்போரின் விமானியாக வேடமிட்ட ஸ்நூப்பி பிரான்சு நாட்டு வயல்களில் தவழும் பகுதி அழகியதெனினும் கதைக்கு வெளியே நிற்பது. பிள்ளைகள் அதனையே விரும்புவர், விரும்பட்டும்.

படத்தின் மெய்யான வேதபாடத்தைத் தருபவள் லூசி. தம்பியின் நம்பிக்கையை அவளைப்போல் இகழ்ந்தவர் வேறெவருமில்லை. ஆயினும் ஒரு வீட்டு வாசலில், தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மடத் தம்பிக்கென்று வெட்கத்தோடு இன்னும் ஓர் இனிப்புக் கேட்டு வாங்குகிறாள். விடியற்காலை நான்கு மணிக்கு விழித்து, அவன் படுக்கை வெறுமையாயிருக்கக் கண்டு, இருளில் தோட்டத்திற்குச் செல்கிறாள். குளிரில் நடுங்கிக் கிடப்பவனைக் கைத்தாங்கலாக வீடு சேர்த்து, காலணிகளைக் கழற்றி, படுக்கையில் கிடத்துகிறாள். கடிந்துரை ஒன்றுமில்லை, அவனது கொள்கையைப் பற்றிய விசாரணையும் இல்லை. ஒரு நிமிடமளவே நீளும் இக்காட்சியில் கிட்டத்தட்ட உரையாடலே இல்லை.

அடுத்த காட்சியில் விடிந்துவிடுகிறது. மதிற்சுவரில் சாய்ந்து நின்று, வரும் ஆண்டில் பெரும் பூசணி தப்பாமல் எழுவார் என லைனஸ் சார்லி பிரவுனிடம் ஆவேசமாகப் பேசிக்கொண்டே இருக்கிறான். லூசி அங்கு இல்லை.