கூர்மைக்கு விலை உண்டு

குவிலென்சு இணைகதிர்களை ஒரு புள்ளியில் குவிக்கிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இது பாதி உண்மையே. ஒளி ஓர் அலை. ஆதலால் விளிம்பு விளைவு காரணமாக, வளையங்கள் சூழ்ந்த ஒரு சிறு வட்டே கிடைக்கும். ஜார்ஜ் ஏரி என்னும் ஆங்கில வானியலறிஞர் 1835-இல் இதனைக் கணக்கிட்டார்.

திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு சென்று, 5 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியால் 1 கி.மீ. தொலைவிலுள்ள பூநாரையைப் பார்க்கிறீர்கள் எனக் கொள்வோம். ஏறத்தாழ 1.3 செ.மீ.க்கும் குறைந்த இடைவெளியுள்ள இரு புள்ளிகள், எவ்வளவு பெரிதாக்கினாலும், பிரிந்து தெரியா.

தக்க வளைய வடிப்பான்களை லென்சின் முன் வைத்து நடுவட்டைச் சுருக்கலாம் என்று 1952-இல் இத்தாலியரான தொரால்தோ தி பிரான்சியா காட்டினார். உடனே, "எல்லையை வென்றாயிற்று" என எழுதுவோர் உண்டு. விலையை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. லென்சின் விளிம்பில் மெல்லிய வளையம் ஒன்றை மட்டும் திறந்துவைத்தால் நடுவட்டின் ஆரம் 37 விழுக்காடு குறையும். ஆனால் பெரும்பகுதி ஒளி தடுக்கப்படும். மேலும், முதல் பக்க வளையத்தின் செறிவு, மையச் செறிவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது, 16 விழுக்காடாக உயரும். ஒளிமிக்க பொருளுக்கு அருகிலுள்ள மங்கலான பொருள் அதில் மூழ்கிவிடும்.

காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில் படத்தைக் கலைப்பது பெரும்பாலும் காற்றின் அலைவே. அதை இவ்வடிப்பான் நீக்காது. பக்க வளையங்களை நுண்துளையால் தடுக்கும் நுண்ணோக்கியிலோ இது நன்கு உதவும்.

ஆகவே, "எவ்வளவு கூர்மை?" என்பதோடு நில்லாமல், "எதை இழந்து?" என்றும் கேளுங்கள்.