சுக்கானும் சக்கரமும்: தொழில்நூல் மொழிபெயர்ப்புப் பற்றிய ஒரு திறனாய்வு

சப்பானியத் தொழில்நூல்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே செல்கின்றனர். அவ்வழி எல்லாவிடத்தும் நேரியதன்று என்பதே நம் கருத்து. மோட்டார் வண்டியின் பின்சக்கரங்களையும் திருப்பும் அமைப்பைப் பற்றிய ஏடுகளைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

நிசான் நிறுவனத்தார் 1985இல் ஸ்கைலைன் வண்டியில் இவ்வமைப்பைப் புகுத்தினர். ஹோண்டா, மாஸ்டா நிறுவனத்தாரின் அமைப்புகள் 1987இல் தோன்றின. இவற்றை விளக்கும் ஏடுகள் பின்சக்கரத் திருப்பத்தைக் ‘கோரின் ஸோதா’ என்கின்றன. இதில் ‘தா’ என்பது கப்பலின் சுக்கானைக் குறிக்கும் எழுத்து. தனித்து வருங்கால் ‘கஜி’ எனப்படும். ஆகவே ‘ஸோதா’ என்பதன் நேர்ப்பொருள் சுக்கானை இயக்குதல் என்பதாம். ஆங்கிலத்தில் ‘ஸ்டியர்’ என்னும் வினையும் சுக்கானைக் குறித்த பழஞ்சொல்லோடு உறவுடையது. சிங்களத்தில் ‘சுக்கானம’ என்னும் சொல் கப்பலுக்கும் வண்டிக்கும் பொதுவாய் வழங்குகிறது. தமிழில் மட்டும் நாம் ‘திசைமாற்றி’ எனப் புதிதாய் ஒன்றைப் படைத்துக்கொண்டோம். அச்சொல் பிழையன்று, ஆயினும் தொழிலின் நினைவு அதில் இல்லை.

அந்நினைவு பழவேற்காட்டுக் குப்பங்களில் உளது. பின்முனையிலிருந்து கலத்தைத் திருப்புவது அங்குள்ளார்க்கு நாள்தோறும் கைவந்த செயல். கட்டுமரத்தில் பின்னிருப்பவர் துடுப்பால் திருப்புகிறார். சுக்கானின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் பின்புறம் இடப்பக்கம் ஒதுங்கும்; முகப்பு வலப்பக்கம் திரும்பும். சுக்கான் என்பது அரபு மொழியினின்றும் வந்த சொல்லேயாயினும், கடல் வாணிகத்தின் வழியே வந்து, கடலோடிகளின் வாயில் தமிழாகிவிட்டது. அதனை அயற்சொல் என்று விலக்குதல் பொருந்தாது.

சொல்லினும் பெரிய இடர் பொருளில் உண்டு. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே பக்கம் திரும்புவதைத் ‘தோஇஸோ’ என்றும், எதிரெதிர்ப் பக்கம் திரும்புவதைக் ‘க்யாகுஇஸோ’ என்றும் ஏடுகள் கூறும். ‘இஸோ’ என்பது அலையியலின் கலைச்சொல். அதனை அகராதிவழியே ‘ஒத்த கட்டம்’, ‘எதிர்க்கட்டம்’ என ஆக்கினால், பழுது பார்ப்பவர்க்கு யாதும் விளங்காது. ‘ஒருபக்கத் திருப்பம்’, ‘எதிர்ப்பக்கத் திருப்பம்’ என்பனவே அவர்க்குப் பயன்படும். மெதுவாகச் செல்லுங்கால் எதிர்ப்பக்கத் திருப்பம் வண்டியைக் குறுகிய இடத்தில் வளைக்கும். படகின் பின்புறம் வெளியே ஒதுங்குவதை ஒத்தது இது. விரைந்து செல்லுங்கால் ஒருபக்கத் திருப்பம் வண்டியை நிலைகுலையாது காக்கும். இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் அஃது எழுத்துப் பிழையாக நில்லாது. உயிருக்கே ஊறாக முடியும்.

மேலும், மாஸ்டாவின் அமைப்பில் மணிக்கு 35 கிலோமீட்டர் என்னும் வேகமே இவ்விரு நிலைகட்கும் எல்லை. 1987இன் ஹோண்டா அமைப்பிலோ வேகம் அன்று, திருப்பும் அளவே அதனை முடிவு செய்யும். ஒன்றன் விளக்கத்தை மற்றொன்றற்கு ஏற்றுதல் கூடாது.

இலக்கணத்திலும் ஓர் இடர் உளது. ‘தென்தா’ என்னும் சொல்லொடு அமையும் வினை, சக்கரம் திரும்புவதையும் குறிக்கும். சக்கரத்தைத் திருப்புவதையும் குறிக்கும். எழுவாயும் பலவிடத்து மறைந்து நிற்கும். தமிழோ ‘திரும்பும்’ என்னும் தன்வினையையும் ‘திருப்பும்’ என்னும் பிறவினையையும் பிரித்தே சொல்லும். ஆதலின் திருப்புவது ஓட்டுநரா, பொறியா, சாலையின் அழுத்தமா என்று மொழிபெயர்ப்பாளர் ஆராய்ந்தே தீரவேண்டும். இவ்விடத்தில் தமிழ் அவரைச் சோம்பியிருக்க விடுவதில்லை.

‘சுக்கான்’ முழுதும் பொருந்துமோ எனின், முழுதும் பொருந்தாது. படகில் பின்முனையே திருப்புவது. வண்டியில் முன்சக்கரமே தலைமையுடையது. ‘பின்சுக்கான்’ என்றால் மீனவர் நகைப்பர்; சுக்கான் வேறெங்கு இருக்கும் என்று வினவுவர். ஆயினும் சப்பானியரும் இவ்வாறே பொருளை விரித்துத்தான் ‘முன்சக்கரச் சுக்கான்’ என்னும் பொருளமைந்த தொடரை வழங்குகின்றனர். ஆகவே ‘பின்சக்கரச் சுக்கான்’, ‘சுக்கான் கோணம்’ என்னும் தொடர்களை நாமும் கொள்ளலாம்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே, எண்ணூர்த் துறைமுகத்தின் வழியாக, ஒரகடத்தில் 2010இல் உற்பத்தி தொடங்கிய நிசான் வண்டிகள் அயல்நாடுகளுக்குக் கப்பலேறின. சப்பானியப் பெயர் தாங்கிய வண்டிகள் நம் கரைக்கு வந்துவிட்டன. அவற்றின் ஏடுகளுக்குரிய சொல்லும் அக்கரையிலேயே உளது. கலைச்சொல் ஆக்குவோர் அகராதியை மூடிவைத்து ஒருநாள் அங்குச் சென்று கேட்பாராயின், பெரும்பயன் விளையும்.