ஐந்து வெள்ளை வேட்டிகள்

கோர்வைச் சேலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓவியர் அம்ரிதா ஷெர்கில் சீக்கிரம் பிடிபடுவார். அந்தச் சேலையின் நெசவில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. அரக்கு உடலும் பச்சைக் கரையும் சேரும் இடத்தில் ஒன்று மற்றதில் கரைவதில்லை. பக்கத்தில் நிற்பதாலேயே இரண்டும் எடுப்பாகத் தெரியும். காஞ்சிபுரத்துக்காரர்கள் சேலையை விரித்ததும் முதலில் விரல் வைக்கிற இடம் அது. ஷெர்கிலின் ‘பிரம்மச்சாரிகள்’ ஓவியத்தையும் அப்படித்தான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேத பாடசாலை உள்ள ஊரில் இதொன்றும் புதிய காட்சியல்ல. முகத்துக்கு உடனே போகாதீர்கள். வெள்ளை வேட்டியும் கறுத்த மேனியும் ஒட்டும் ஓரங்களைப் பாருங்கள். நிழல் தீட்டி உடம்பை உருட்டிக் காட்டுகிற வேலை குறைவு. நிறம் முடிகிற கோடே தோளையும் முழங்காலையும் சொல்லிவிடுகிறது. நடுவில் இருப்பவர் மட்டும் வெளிர்நிறம். அச்சுப்படம் கையில் இருந்தால் அவரை விரலால் மறைத்துப் பாருங்கள், மற்ற நால்வரின் கறுப்பும் கொஞ்சம் மங்கிப்போகும். அதன் பிறகு முகங்கள். யாரும் நமக்காகச் சிரிக்கவில்லை.

இதே கை 1932இல் பாரிஸில் வரைந்த ‘இளம்பெண்கள்’ வேறு ரகம். அதில் ஒருத்தி அவருடைய தங்கை இந்திரா. ஒளி தோலில் வழுக்கி விழும், ஐரோப்பியப் பயிற்சி அச்சு அசலாகத் தெரியும். அந்தப் படம்தான் அவருக்குப் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கித் தந்தது. புடாபெஸ்டில் 1913இல் பிறந்தவர். சிறுமியாக இத்தாலியில், ஃப்ளாரன்ஸில், சில காலம் படித்தவர். பதக்கத்தோடு பாரிஸிலேயே தங்கியிருக்கலாம். இந்தியா திரும்பி, 1936 கடைசியில் தெற்கே கிளம்பினார். அஜந்தாவும் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களும் கையை மாற்றின. ‘பிரம்மச்சாரிகள்’ 1937இல் பிறந்தது. 28 வயதில், 1941இல், லாகூரில் இறந்துபோனார்.

சுவரோவியம் என்ன கற்றுக்கொடுக்கும் என்று பார்க்க அஜந்தா வரை போக வேண்டாம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் பிராகாரத்துச் சிற்றாலயங்களில் பல்லவர் கால வண்ணம் இன்னும் துணுக்குகளாக ஒட்டியிருக்கிறது. மிஞ்சிய கோடுகளை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். பிறகு ‘பிரம்மச்சாரிகள்’ இருக்கும் டில்லி தேசிய நவீன கலைக்கூடத்துக்குப் போங்கள்.

அங்கே ஷெர்கிலின் ‘மணமகள் அலங்காரம்’ முன்னால்தான் அதிகம் பேர் நிற்பார்கள். நல்ல படம்தான். ஆனால் அதில் கல்யாணக் கதை ஒன்று கண்ணைப் பிடித்து இழுக்கும். ஐந்து வேட்டிகளிடம் கதை இல்லை. நிறத்தைத் தவிரப் பார்க்க வேறு வழியே கிடையாது.