புள்ளி கூடியது, படம் கூடியதா?

2006-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்கள் போன்ற ஊர்களின் கூரை வீடுகளுக்குள்ளும் 14 அங்குலப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது. கூடவே ஒரு விசிடி பிளேயர் சேர்ந்ததும், டென்ட் கொட்டகையில் பார்த்த படங்களெல்லாம் வீட்டுக்குள் வந்தன. அதன்பின் டிவிடி, புளூரே, யூடியூப் என்று வடிவங்கள் மாறிவிட்டன. தரமும் அதே வேகத்தில் ஏறியதா?

பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) போன்ற மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று சிடி வேண்டும். விசிடியின் ஒரு ஃபிரேமில் இருப்பது சுமார் ஒரு லட்சம் புள்ளிகள். டிவிடியில் அது நான்கு லட்சம் வரை, புளூரேயில் இருபது லட்சம். விசிடியில் அரசவைக் காட்சி வந்தால் பட்டும் ஜரிகையும் ஒரே மஞ்சள் திட்டாகிவிடும். டிவிடியில் அவை பிரிந்து தெரியும். ஆனால் மூன்று படங்களை ஒரே வட்டில் அடைத்து விற்றபோது அந்த ஆதாயமும் போயிற்று. எந்த வட்டாக இருந்தாலும், நெகட்டிவிலிருந்து எடுத்தார்களா, கீறல் விழுந்த பிரிண்டிலிருந்து எடுத்தார்களா என்பதே முதல் கேள்வி.

அடுத்தது ஃபிரேமின் அளவு. அக்காலப் படங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 4:3 வடிவத்தில் எடுக்கப்பட்டவை. அரசு கொடுத்த குழாய்ப் பெட்டியும் அதே வடிவம்தான். இன்றைய அகலத் திரையை நிரப்ப வேண்டுமென்று அதே படத்தை மேலும் கீழும் வெட்டினால், கால் பங்குப் படம் காணாமல் போகும். கிரீடமும் நாட்டியக்காரியின் பாதமும்தான் முதலில் பலியாகும். புள்ளி அதிகம், படம் குறைவு!

ஒலியில் இழப்பு இன்னும் நுட்பமானது. விநாடிக்கு 24 ஃபிரேமில் ஓடும் படத்தை, ‘பால்’ (PAL) எனும் ஒளிபரப்பு முறை வட்டுக்காக 25 ஆக ஓட்டினால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் ஏறத்தாழ அரைச் சுரம் ஏறும். ‘கர்ணன்’ உச்சக்காட்சியில் சீர்காழி கோவிந்தராஜன் சக்கரவாகத்தில் பாடுவதை இசைத்தட்டில் கேட்டுப் பழகிய காது இந்த ஏற்றத்தைக் கண்டுகொள்ளும். இரைச்சலை நீக்குகிறோம் என்று அதிகமாகத் துடைத்தால் வயலினின் மேல் நாதமும் சேர்ந்தே போய்விடும்.

2012 ஒரு முக்கியமான ஆண்டு. திவ்யா பிலிம்ஸ் டிஜிட்டலில் புதுப்பித்த ‘கர்ணன்’ மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்து புதிய தலைமுறையையும் இழுத்தது. மே மாதம் கான் விழாவில், சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த ‘கல்பனா’ (1948) திரையிடப்பட்டது. புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்த பிரதியைக் கொண்டு இத்தாலியின் பொலோனாவில் அதைச் சீரமைத்தார்கள். 2022-ல் கிரைட்டீரியன் நிறுவனம் அதை புளூரேயில் வெளியிட்டது. சென்னையில் எடுத்த படத்துக்கு உலகத் தரத்தில் ஒரு வட்டு அமைய முடியும் என்பதற்கு இது சாட்சி.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை மூன்று: நெகட்டிவிலிருந்து ஸ்கேன், வெட்டாத முழு ஃபிரேம், 5.1 ஒலியோடு பழைய மோனோ ஒலியும். அதுவரை, வீட்டிலிருக்கும் பழைய டிவிடியை யாரும் எடைக்குப் போட வேண்டாம். முழுப் படமும் அசல் ஒலியும் அதில்தான் மிஞ்சியிருக்கக்கூடும்.