ஜெயித்த குதிரைக்கு மூச்சு வாங்குகிறது

கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசல் நிலை ஏழடி உயரம். ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த 'விசில்ஜாக்கெட்' ஓவியம் ஒன்பதரை அடி. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் அதை நான் உள்ளங்கை அளவு போன் திரையில்தான் பார்த்திருக்கிறேன். அப்படிப் பார்த்தவன் விமர்சனம் எழுதலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் நான் பேச வந்தது அந்த ஓவியத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு கதையைப் பற்றியும்தான்.

விசில்ஜாக்கெட் 1749-ல் பிறந்த பந்தயக் குதிரை. 1759-ல் யார்க்கில் 2000 கினி பந்தயம் ஒன்றை ஜெயித்துப் பேர் வாங்கியது. அதன் சொந்தக்காரர் ராக்கிங்கம் பிரபு 1762 வாக்கில் ஸ்டப்ஸை வரையச் சொன்னார். படம் முடியும் தறுவாயில், லாயத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த அதைக் குதிரை பார்த்துவிட்டதாம். எதிரே இன்னொரு ஆண்குதிரை நிற்கிறது என்று நினைத்துப் பாய்ந்ததாம். பிடித்திருந்த பையனால் அடக்க முடியவில்லை. ஸ்டப்ஸ் தன் வண்ணத்தட்டாலும் கைதாங்கும் கோலாலும் அதை அடித்து விரட்டினார். நண்பர் ஓசியாஸ் ஹம்ஃப்ரி எழுதி வைத்த குறிப்புகள் வழியாக வந்த கதை இது.

கேட்கச் சுவாரசியமாத்தான் இருக்கு. சியூக்சிஸ் வரைந்த திராட்சையைப் பறவைகள் கொத்த வந்தன என்கிற பழைய கிரேக்கக் கதையும் இதே ரகம். 'தத்ரூபம்' என்று சொல்லி ஓவியத்தைக் கண்கட்டு வித்தையாக்கிவிடும் பாராட்டு. அதோடு, நாம் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகும் ஒரு விஷயமும் அதில் இருக்கிறது. படத்தைக் காப்பாற்ற, படத்தில் இருக்கும் குதிரைக்கே அடி விழுகிறது.

ஸ்டப்ஸுக்குக் குதிரையின் உடம்பு அத்துப்படி. 1756 முதல் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஏறக்குறைய பதினெட்டு மாதம், செத்த குதிரைகளைத் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்து வரைந்தவர். 1766-ல் அது புத்தகமாக வந்தது. அந்த அறிவுதான் விசில்ஜாக்கெட்டின் தோலுக்கடியில் ஓடுகிறது. பின்னணி கிடையாது. சேணம் கிடையாது, ஏறி உட்கார ஆளும் கிடையாது. குதிரை மட்டும்தான். அழகு, சந்தேகமில்லை. ஆனா என்னைத் தூங்கவிடாதது வேற படம்.

1799-ல் நியூமார்க்கெட்டில் ஹாம்பிள்டோனியன், டயமண்ட் என்ற இரண்டு குதிரைகளுக்கு நான்கு மைல் போட்டி. பணயம் 3000 கினி. ஹாம்பிள்டோனியன் மயிரிழையில் ஜெயித்தது. சவுக்கும் குதிமுள்ளும் இரண்டு குதிரைகளையும் பதம் பார்த்திருந்தன. வெற்றியைக் கொண்டாட அதன் சொந்தக்காரர் வேன்-டெம்பஸ்ட், எழுபத்தைந்து வயது ஸ்டப்ஸிடம் படம் கேட்டார். ஸ்டப்ஸ் ஓட்டத்தை வரையவில்லை. ஓடி முடித்த பிறகு உடம்பு துடைத்துவிடும் நேரத்தை வரைந்தார். பன்னிரண்டு அடி அகலம். வாய் திறந்து, காது பின்னுக்குப் படிந்து, நிலைகொள்ளாமல் நிற்கிறது ஜெயித்த குதிரை. கடிவாளத்தைப் பிடித்திருப்பவரும், துணியோடு அதன்மேல் கை போட்டிருக்கும் லாயப் பையனும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். 'உங்களுக்கு இப்ப என்ன வேணும்?' என்று கேட்கிற பார்வை. சொந்தக்காரர் படத்தில் இல்லை. காசு தர மறுத்தார். ஸ்டப்ஸ் வழக்குப் போட்டுத்தான் வாங்கினார்.

இளம் ஸ்டப்ஸுக்குக் குதிரையின் உடம்பு தெரிந்திருந்தது. கிழவர் ஸ்டப்ஸுக்கு அந்த உடம்புக்கு என்ன நடந்தது என்பதும் தெரிந்திருந்தது. படத்தில் ரத்தம் இல்லை. இருந்திருந்தால் பரிதாபப்பட்டுவிட்டு நகர்ந்திருப்போம். களைப்பு மட்டும்தான் இருக்கிறது. அது நம்மை நகரவிடவில்லை.

எங்க ஊர்ல இருந்து அலங்காநல்லூர் பக்கம்தான். தை மாசம் வந்தால் போன் முழுக்கக் காளைகள். எல்லாமே வாடிவாசலைத் தாண்டிப் பாயும் அந்த ஒரு நொடி. திமில், கொம்பு, புழுதி. நானும் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறேன். களம் தாண்டி ஓடி நின்ற பிறகு, விலா ஏறி இறங்க, வளர்த்தவரின் குரலைத் தேடும் காளையின் படம் என் போனில் ஒன்றுகூட இல்லை. ஜல்லிக்கட்டு வேணுமா வேணாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கொண்டாடுகிற உயிரை எந்த நொடி வரைக்கும் பார்க்கத் தயாராக இருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

ஒரு குதிரை ஏமாந்ததால் அல்ல, தன்னிடம் படம் கேட்டவரை ஏமாற்ற மறுத்ததால்தான் ஸ்டப்ஸ் பெரிய ஓவியர். வர்ற தையில போனைக் கொஞ்சம் தாமதமா எடுக்கணும்.