இலச்சினைக்கு உரை காணல்

நூலுக்கு உரை காண்பதில் நெடிய மரபுடையது தமிழ். பதப்பொருள் கூறி, கருத்துரைத்து, ஐயம் எழுமிடத்தே விளக்கமும் தந்து செல்வது உரையாசிரியர் நெறி. ஆயினும், ஓர் இலச்சினையை மாணவரிடம் கொடுத்துக் குறிப்புரை எழுதச் சொல்லும்போது அந்நெறியை நாமே மறந்துவிடுகிறோம். படத்தைச் சுற்றி அம்புக்குறிகள் இட்டு, 'சிவப்பு - வீரம்', 'ஐந்து கோடு - ஐந்து கொள்கை' என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் வழங்குகிறோம். இக்கட்டுரையாளனும் பல்லாண்டு அவ்வாறு திருத்தியவனே.

சிங்கப்பூரின் சிங்கத்தலைச் சின்னத்தைச் சான்றாகக் கொள்வோம். 1986இல் அறிமுகமான இது, வெண்ணிறப் பின்புலத்தில் முழுச் சிவப்பாய் அமைந்தது. சிவப்பு வீரத்தைக் குறிக்கும் என்று எழுதும் மாணவர் முதலடியிலேயே இடறுகிறார். இவ்விரு நிறங்களும் நாட்டுக் கொடிக்குரியவை. அக்கொடியில் சிவப்பு உலக சகோதரத்துவத்தையும் மனித சமத்துவத்தையும், வெண்மை தூய்மையையும் நற்பண்பையும் உணர்த்துவன. வீரத்தை உணர்த்துவது சிங்கத்தின் தலையே. சொல்லின் பொருள் இடம் நோக்கி அமைவது போன்றே நிறத்தின் பொருளும் அமைகிறது.

அடுத்து, பிடரிமயிரின் ஐந்து பிரிவுகளைக் காண்போம். கொடியின் ஐந்து விண்மீன்களைப் போல இவையும் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்னும் இலட்சியங்களைக் குறிப்பன என்பது அரசு தரும் விளக்கம். கண் காண்பதோ ஐந்து என்னும் எண்ணிக்கையை மட்டுமே. எது நீதி, எது அமைதி என்று அக்கோடுகள் கூறா. எனவே கண்டதை ஒருபுறமும் கேட்டறிந்ததை மறுபுறமும் பிரித்தெழுத மாணவரைப் பழக்குதல் வேண்டும்.

இனி, பயன் நோக்கிய ஆய்வு. வான் கிளிஃப் மீன்காட்சியகக் காப்பாளராயிருந்த பிரேசர் புரூனர் சுற்றுலா வாரியத்திற்கென வடிவமைத்த மெர்லயன் 1964ஆம் ஆண்டினது. சிங்கத் தலையால் சிங்கபுரம் என்னும் பெயரையும், மீன் உடலால் கடல்சார் தொன்மையையும் அது கதையாகச் சொல்கிறது. பயணியை ஈர்க்கும் சின்னத்திற்குக் கதை அழகே. 1986ஆம் ஆண்டுச் சின்னமோ உடலை விடுத்துத் தலையை மட்டும் கொண்டது. கொடியைப் போலக் கடுங்கட்டுப்பாடின்றி, மக்களும் நிறுவனங்களும் நாட்டோடு தம்மை இணைத்துக் காட்டப் பயன்படுத்துவதற்கென அமைந்தது அது. பலர் கையில், பல அளவில் அச்சேற வேண்டிய வடிவத்திற்கு ஒரே நிறமும் சில கோடுகளும் எத்துணைப் பொருத்தம் என்பது வெளிப்படை. ஐந்து இலட்சியங்களை அறியாதவரும் அதனைச் சிங்கமென உணர்வர். அதுவே அதன் வெற்றி.

ஆசிரியப் பெருமக்கள் அடுத்தமுறை விடைத்தாளைத் திருத்துங்கால், 'சிவப்பு - வீரம்' என்னுமிடத்தில் சரியென்று குறியிடுமுன், 'எங்கே கண்டாய்?' என்று ஓரத்தில் எழுதுவார்களாக. அவ்வினாவிற்கு விடைதேடி மாணவர் மீண்டும் படத்தை நோக்குவர்.