உளவளத்துணையாளருக்குத் துணை யார்?

துன்பத்தைப் பற்றிய ஒரு நூலை மதிப்பிடும்போது, அத்துன்பத்தின் பாரத்தைச் சுமக்கும் மனிதர் அந்நூலில் எங்கே நிற்கின்றனர் என்று கேட்பது முற்போக்கு விமர்சனத்தின் கடமையாகும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈத்தன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட ‘கிரேசி லைக் அஸ்’ என்னும் நூலை நாம் இக்கேள்வியோடுதான் அணுகுகிறோம். மனநோய் பற்றிய தன் கருத்துக்களை அமெரிக்கா உலகெங்கும் ஏற்றுமதி செய்கின்றது என்பது அந்நூலின் வாதம். அதன் ஓர் அத்தியாயம், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் வந்திறங்கிய வெளிநாட்டு உளவளத்துணையாளரைப் பற்றியது.

வாட்டர்ஸின் கண்டனம் நியாயமானதே. மக்களின் மொழியும் துக்கமுறையும் அறியாது வந்தோர், தாம் கொண்டுவந்த நோய்ப்பெயரை எல்லோர்மீதும் சூட்ட முற்பட்டனர். இந்நாட்டார் துன்பத்தைத் தனிமனித மனத்தின் பழுதாகக் காண்பதிலும் பார்க்க, உறவும் ஊரும் குலைந்த கேடாகவே காண்கின்றனர் என்பதை உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோவின் ஆய்வைத் துணைக்கொண்டு அவர் காட்டுகிறார். ஆயின், வந்தவர் விமானமேறிச் சென்றபின், கதைகளைக் கேட்டுக்கொண்டே இங்கு தங்கிவிட்ட உள்ளூர்ப் பணியாளரின் நிலை யாது? அந்நூலில் அவர்கள் பின்னணியிலேயே நின்றுவிடுகின்றனர். எமது மதிப்பீட்டில் இதுவே அதன் பெருங்குறை.

புத்தளம் கரையில் வாழ்வோருக்கு இக்குறை எளிதில் விளங்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தனர். அன்று தாயின் கைபிடித்து வந்த ஒரு சிறுமி, வளர்ந்து உளவளத்துணையாளராகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் வரும் பெண் சொல்லும் கதை அவருடைய சொந்தக் கதை. வந்தவளின் கண்ணீர் எது, தன் கண்ணீர் எது என்று அவர் எங்ஙனம் பிரித்தறிவார்? குற்றஞ்சாட்டப்படும் கணவன் அவருடைய மச்சானின் கூட்டாளியாயிருந்தால் என்ன செய்வார்? திட்டம் முடிந்து, சம்பளமும் நின்று, வீட்டு முன்னறையில் தனித்துத் தொழில் நடத்தும் நாளில் எவரிடம் கேட்பார்?

இவ்விடத்திலேயே மேற்பார்வை இன்றியமையாததாகிறது. ‘மேற்பார்வை’ என்றதும் ஆசிரியராகிய எமக்கு வித்தியாதரிசியின் வருகையும் பதிவேடுகளும்தாம் நினைவுக்கு வருகின்றன. நாம் இங்கு குறிப்பது அஃதன்று. அனுபவமிக்க ஒருவர்முன் உளவளத்துணையாளர் தம் வேலையை எடுத்துவைக்கிறார். வந்தவரின் பெயரை மறைத்து, தாம் சொன்னதையும் சொல்லத் தவறியதையும், தம்முள் எழுந்த கோபத்தையும் இரக்கத்தையும் பேசுகிறார். வைத்தியரிடம் அனுப்பவேண்டிய கட்டம் எது என்று இருவருமாக ஆராய்கின்றனர். இதனால் முதற்கண் காக்கப்படுவது நம்பி வந்தவர். அடுத்துக் காக்கப்படுவது கேட்பவர்.

இம்முறையின் வரலாறு நாம் அறியத்தக்கது. 1920இல் பேர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோனும் தோழரும் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை நிலையமொன்றைத் திறந்தனர். பணமற்ற தொழிலாளரும் அங்கு சிகிச்சை பெற்றனர். பயிலுநர் மூத்தோரின் மேற்பார்வையில் பணிசெய்தல் வேண்டும் என்ற விதி உருப்பெற்றதும் அங்குதான். ஏழைகளுக்குத் தேறாத சிகிச்சை வழங்கலாகாது என்ற பொறுப்பு அதனுள் இருந்தது. இன்று பிரித்தானிய உளவளத்துணையாளர் சங்கம், எத்துணை அனுபவமுள்ள உறுப்பினராயினும் தொடர்ந்து மேற்பார்வை பெறல் வேண்டும் என்கிறது. அனர்த்தகால உளநலப் பணிக்கென 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டியும், தொடர் மேற்பார்வையற்ற குறுகிய பயிற்சியோடு சிக்கலான உளச்சிகிச்சையில் ஒருவரை இறக்குவது தகாது என எச்சரிக்கின்றது.

இதுவும் மேல்நாட்டுச் சரக்கல்லவா என்று சிலர் வினவலாம். மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பில், மூச்சடக்கி மூழ்கியவனின் கயிற்றைப் பிடித்தபடி தோணியில் ஒருவன் நிற்பான். கயிறு அசைந்ததும் இழுத்தெடுப்பது அவன் வேலை. அவன் அதிகாரியுமல்லன், வேடிக்கை பார்ப்பவனுமல்லன். ஆழத்தில் இறங்குவோருக்குக் கரையோடு ஒரு பிணைப்பு வேண்டுமென்பதை இக்கடலின் உழைப்பாளர் நெடுங்காலமாக அறிவர். அந்நியமாயிருப்பது மேற்பார்வையன்று, நம் பேச்சை அறியாதவர் நடத்தும் மேற்பார்வையே அந்நியம். ‘நெஞ்சு எரியுது’ என்ற சொல்லில் புதைந்திருக்கும் வேதனையை மொழிபெயர்ப்பில் கேட்பவர், வயிற்றுக்கோளாறு என்றே எண்ணிவிடக்கூடும்.

எஞ்சுவது பொருளாதாரக் கேள்வி. தனியார் தொழிலில் மேற்பார்வைக்கான கட்டணத்தைத் தொழில் செய்பவரே தம் வருவாயிலிருந்து கொடுக்கவேண்டும். வசதிபடைத்தோருக்குச் சேவை செய்பவரால் அஃது இயலும். மீனவக் குடும்பத்தாரிடம் சிறுதொகை பெற்றோ பெறாமலோ பணிசெய்பவரால் இயலாது. இதன் விளைவு, கூடிய துன்பத்தைக் கேட்பவருக்கே குறைந்த துணை என்பதாகும். ஆதலின், மேற்பார்வையை ஒருவரின் தனிப்பட்ட ஒழுக்கமாக மட்டும் கருதுவது போதாது. சுரங்கத் தொழிலாளியின் பாதுகாப்பைப்போல, அது வேலையின் நிபந்தனையாதல் வேண்டும். அரசும் நிறுவனங்களும் அதன் செலவை ஏற்றல் வேண்டும். பல்கலைக்கழகங்கள் தமிழிலேயே மேற்பார்வையாளரைப் பயிற்றுதல் வேண்டும். தனித்துப் பணிபுரிவோர் மாதம் ஒருமுறை கூடித் தம் வேலையை ஒருவர்க்கொருவர் எடுத்துரைப்பதை இன்றே தொடங்கலாம்.

மாணவரின் துயரை நாள்தோறும் கேட்டுவிட்டு மௌனமாக வீடு திரும்பும் ஆசிரியருக்கு இக்கோரிக்கை புறம்பானதன்று. இதனை எழுப்பும் முதற்குரல்களில் நம் குரலும் இருத்தல் வேண்டும்.